வார்டுக்கு வராத புற்றுநோய்: திருச்செங்கோட்டில் மருத்துவ மாணவர்களிடம் பேசியது

(நமது மருத்துவர் அணியும் மாணவர் அணியும் சேர்ந்து திருச்செங்கோட்டில் நடத்திய கலந்துரையாடலில், மருத்துவர் அணிப் பொறுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியபடியே தந்திருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள் தோழர்களே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.)

முன்வரிசை நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு வழக்கம்போலப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவக் கல்லூரி மாணவச் செல்வங்களே!

இன்னிக்கு நான் பேச வந்தது அந்தப் பின்வரிசையிடம்தான். மத்தவங்க கூட இருந்து கேட்டுக்கங்க. உங்களுக்கும் வேலை இருக்கு, கடைசியில சொல்றேன்.

முதல்ல சில கேள்வி. இறுதியாண்டு படிக்கிறவங்க, ஹவுஸ் சர்ஜன் பண்றவங்க மட்டும் கை தூக்குங்க. சரி, முப்பது பேர் பக்கம் இருக்கீங்க. கருப்பைவாய்ப் புற்றுநோயோட நிலைகளை ஒன்று ஏ-யில் ஆரம்பிச்சு நான்கு பி வரைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்களா? எல்லாக் கையும் மேல இருக்கு. சந்தோஷம். அடுத்த கேள்வி. அசிட்டிக் அமிலத்தை, நம்ம வினிகர்ல இருக்கிற சமாச்சாரம்தான், கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளைத் திட்டு வருதா இல்லையான்னு தன் கண்ணால பார்த்தவங்க எத்தனை பேர்? நாலு கை. நாலும் பெண் பிள்ளைங்க. மூணாவது கேள்வி. வாயில ஒரு தொந்தரவும் இல்லாத ஒரு ஆளோட வாயை, போன மாசம் டார்ச் அடிச்சு முழுசாப் பார்த்தவங்க? ரெண்டு பேர்.

உங்களை மேடையில் நிறுத்திக் குத்தம் சொல்றதுக்காகக் கேட்கல. இதே கேள்வியை நான் படிக்கும்போது யாராவது கேட்டிருந்தா என் கையும் கீழதான் இருந்திருக்கும். அதனால ஒரு சாவு நடந்துச்சு. அதை முதல்ல சொல்லிடறேன். சொல்லாம மேல பேசினா மனசு உறுத்தும்.

எங்க பெரியம்மா பள்ளிபாளையத்துல தறிப்பட்டறையில தார் சுத்துற வேலை. நாலு வீட்டுக்கு மூத்தவங்க. நான் இறுதியாண்டு படிச்சுக்கிட்டு இருந்தப்ப லீவுல வீட்டுக்கு வந்தேன். சோறு போட்டுக்கிட்டே எங்கம்மா சொன்னாங்க: "ஏண்டா கண்ணு, பெரியம்மாளுக்கு நின்னு ஆறு வருசம் ஆச்சு, இப்ப மறுக்கா லேசாப் படுதாம்டா. என்னன்னு கேக்கச் சொன்னா." நான் தட்டுல இருந்து தலையைத் தூக்கல. "ஹார்மோன் கோளாறா இருக்கும்மா, வெயில் சூடு வேற. சத்து மாத்திரை வாங்கிக் கொடுங்க" என்று சொல்லிட்டுச் சாப்பிட்டேன். அந்த மாசம்தான் மகப்பேறு மருத்துவப் பாடத்துல வாய்மொழித் தேர்வு. கருப்பைவாய்ப் புற்றுநோயின் நிலைகளைத்தான் கேட்டாங்க. ஒரு தடுமாற்றம் இல்லாமச் சொன்னேன். நல்ல மதிப்பெண்.

எட்டு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப மூன்று பி. கதிர்வீச்சு கொடுத்தாங்க. ஒண்ணரை வருசம் இருந்தாங்க.

ஏன் எட்டு மாசம் போகலன்னு பிறகு விசாரிச்சேன். அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் அவங்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி இருக்காங்க. இவங்க சொன்ன பதில்: "எங்க பையன் டாக்டருக்குப் படிக்கிறானுங்க. அவனே ஒண்ணுமில்லைன்னுட்டான்."

இதைக் கவனிங்க பிள்ளைகளா. எங்க வீட்டுல டாக்டர் படிக்கிற பையன் இல்லாம இருந்திருந்தா, அவங்க ஒருவேளை அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. தெரியாதவன் "தெரியாது"ன்னு சொல்லுவான். அதனால கெடுதல் இல்ல. அரைகுறையாத் தெரிஞ்சவன் "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லுவான். நம்ம ஊர்ல ஒரு பிள்ளை மருத்துவக் கல்லூரியில காலடி வெச்ச அன்னிக்கே சொந்தபந்தம் அத்தனைக்கும் அவன் டாக்டர் ஆயிடறான். முதலாமாண்டு எலும்பு எண்ணிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட ஸ்கேன் பேப்பரை நீட்டுவாங்க. அதனாலதான் ஒரு மருத்துவ மாணவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுங்கிறது கல்லூரியோட முடியற விஷயம் இல்ல. ஒரு ஊரோட விஷயம்.

மாதவிலக்கு நின்னுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது "வயசுக்கோளாறு" இல்ல. நேரா மகப்பேறு மருத்துவர்கிட்ட போய், உள்ள பார்த்து, தேவைன்னா சதை எடுத்துச் சோதிக்கணும். கருப்பைவாயா இருக்கலாம், கருப்பை உள்சுவரா இருக்கலாம், புற்றுநோயே இல்லாம வேற காரணமும் இருக்கலாம். பார்க்காமச் சொல்லக்கூடாது. தாய்மார்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் அப்படித்தான். இதுக்கு முகாம் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

சரி, படிச்ச பையனுக்கு ஏன் தெரியல? நான் இதை ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். புத்தகத்துல இல்லையா? இருக்கு. வாத்தியார் சொல்லித் தரலையா? தந்தார். ஆனா நாம மருத்துவம் கத்துக்கிற இடம் எது? வார்டு. வார்டுக்கு யார் வர்றா? வலி தாங்க முடியாம, ரத்தம் நிக்காம, கட்டி உடைஞ்சு நாறின பிறகு வர்றவங்க. மார்புல தோலெல்லாம் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியா ஆனதுக்குப் பிறகு வர்ற அம்மாவைத்தான் நமக்கு "நல்ல கேஸ்"னு காட்டுவாங்க. தேர்வுக்கும் அந்த அம்மாவையே படுக்க வெப்பாங்க. ஐந்து வருஷம் முற்றின புற்றுநோயைப் பார்த்துப் பார்த்து, புற்றுநோய்னா இப்படித்தான் இருக்கும்னு கண்ணு பழகிடுது. ஆரம்ப நிலைப் புற்றுநோய் வார்டுக்கு வராது. அதுக்கு வலி கிடையாது, புகார் கிடையாது, அது தறி ஓட்டிக்கிட்டு இருக்கும், லாரி ஓட்டிக்கிட்டு இருக்கும், களை எடுத்துக்கிட்டு இருக்கும். எவ்வளவு பெரிய மருத்துவக் கல்லூரியா இருந்தாலும், அதோட வார்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு அதைப் படிக்கவே முடியாது. வீட்டுத் திண்ணைக்குப் போகணும்.

எவ்வளவு பெரிய சுமைன்னு ஒரு கணக்கு சொல்றேன். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையோட மதிப்பீட்டின்படி 2022-ஆம் ஆண்டுல மட்டும் இந்தியாவுல சுமார் 14 லட்சம் பேருக்குப் புதுசா புற்றுநோய். 9 லட்சம் பேருக்கு மேல் இறப்பு. முதல் மூணு இடத்துல இருக்கிறது மார்பகம், வாய், கருப்பைவாய். மார்பகம் 1.92 லட்சம், வாயும் உதடும் 1.43 லட்சம், கருப்பைவாய் 1.27 லட்சம். இந்த மூணையும் பாருங்க. மூணும் கண்ணுக்கும் கைக்கும் எட்டற இடம். கணையத்துல வர்றதையோ மூளையில வர்றதையோ சீக்கிரம் கண்டுபிடிக்கலைன்னு யாரும் நம்மைக் கேட்க முடியாது. இந்த மூணுக்கு நாம பதில் சொல்லித்தான் ஆகணும்.

நம்ம தமிழ்நாடு எங்க நிக்குது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 30 முதல் 49 வயசுப் பெண்கள்கிட்ட, வாழ்நாள்ல ஒரு தடவையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செஞ்சிருக்கீங்களான்னு கேட்டுச்சு. இந்தியா முழுக்க 1.9 சதவீதம். தமிழ்நாட்டுல 9.8 சதவீதம். நாட்டுல நாம ரொம்ப முன்னால இருக்கோம். மேடையில கைதட்டு வாங்கறதுக்கு இந்த ஒரு வரி போதும். ஆனா நான் டாக்டர். எனக்கு மீதி 90 பேரைத்தான் கண்ணுக்குத் தெரியுது.

இதையெல்லாம் செய்யறதுக்கு அமெரிக்கா போய்ப் படிச்சுட்டு வரணுமா? இல்லீங்க. உலகத்துக்குப் பாடம் சொன்னதே நம்ம பக்கத்து ஊருதான். இங்கிருந்து தெற்கே கரூரைத் தாண்டி ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கைன்னு ஒரு ஊர் இருக்கு. திண்டுக்கல் மாவட்டம். அங்க இருக்கிற ஒரு கிறிஸ்தவ சமூக மருத்துவ மையமும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல ஒரு வேலையை ஆரம்பிச்சாங்க. 114 ஊராட்சிப் பகுதிகளை எடுத்து, பாதியில பரிசோதனை, பாதியில வழக்கமான மருத்துவம். 30 முதல் 59 வயசுப் பெண்கள். பரிசோதனை செஞ்சது யாரு? பெரிய பட்டம் வாங்கின நிபுணர் இல்ல. பயிற்சி கொடுத்த செவிலியர்கள். நான் சொன்னேனே வினிகர், அதேதான். வெள்ளைத் திட்டு தெரிஞ்சா அங்கேயே குளிர்முறையில உறைய வெச்சு அந்தத் திட்டை அழிக்கிற சிகிச்சை. அதையும் செவிலியரே செஞ்சாங்க. 31 ஆயிரம் பெண்களுக்கு மேல பார்த்தாங்க. ஏழு வருஷம் பின்தொடர்ந்தாங்க. 2007-ல லான்செட் இதழ்ல முடிவு வந்துச்சு. பரிசோதனை நடந்த ஊர்கள்ல கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு, அதனால வர்ற சாவு 35 சதவீதம் குறைவு. ஒரே ஒரு தடவை பார்த்ததுக்கு!

அதே 2007-லதான் தமிழ்நாடு அரசு, சுகாதாரத் திட்டத்தின் கீழ, தேனி, தஞ்சாவூர் ரெண்டு மாவட்டத்துல இந்தப் பரிசோதனையை முன்னோடியா ஆரம்பிச்சுது. பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டு போனாங்க. அரசு ஆஸ்பத்திரியில செவிலியர் இன்னிக்கும் செய்யறாங்க. செவிலியருக்குத் தெரிஞ்சது எம்.பி.பி.எஸ். முடிச்ச பையனுக்கு ஏன் கை வரல? அதுதான் என் கேள்வி.

வாய்க்கு வருவோம். திருவனந்தபுரத்துல 13 ஊராட்சிகள்ல இதே மாதிரி ஒரு ஆய்வு. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாங்க. 2005-ல முடிவு வந்தப்ப, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவங்ககிட்ட வாய்ப்புற்று மரணம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு. மார்பகத்துக்கு மும்பை டாட்டா மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை வெச்சு 20 வருஷம் செஞ்ச ஆய்வு. சுகாதாரப் பணியாளர்கள் கையால தடவிப் பார்த்தது மட்டும்தான், மேமோகிராம் கிடையாது. 2021-ல முடிவு வந்துச்சு. ஐம்பது வயசுக்கு மேற்பட்ட பெண்கள்ல மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. ஐம்பதுக்குக் கீழ சாவு பெருசாக் குறையல, அதையும் மறைக்காமச் சொல்லிடறேன். டார்ச், கை, வினிகர். இவ்வளவுதான் கருவி.

இப்ப நம்ம சேலம், நாமக்கல் பக்கம் பாருங்க. பரமத்திவேலூர் வெற்றிலைக்குப் பேர் போன ஊர். காவிரித் தண்ணியில வளர்ற கொடிக்கால். வாழப்பாடிப் பக்கம் போனா பாக்குத் தோப்பு. ரெண்டையும் வெச்சு வாழற குடும்பம் ஆயிரக்கணக்குல இருக்கு. அவங்க பொழைப்பைக் கெடுக்கிற மாதிரி பேச எனக்கும் மனசு வராது. கல்யாணம், சீர், நிச்சயம் எதுவா இருந்தாலும் தட்டுல வெற்றிலை பாக்கு இல்லாம நம்மளால முடியுமா? தட்டுல இருக்கட்டும். தினம் வாயில அடக்கி வைக்கிறதைத்தான் சொல்றேன். புகையிலை சேர்க்காம வெறும் வெற்றிலை பாக்கு போட்டாலும் புற்றுநோய் வரும்னு உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-லயே தீர்மானம் பண்ணிடுச்சு. பாக்கே தனியா அந்தப் பட்டியல்ல இருக்கு. "நான் புகையிலை போடறதில்லீங்க டாக்டர், வெறும் பாக்குதானுங்க"ன்னு சொல்ற ஆளை நாம சமாதானமா விட்டுடறோம். தப்பு.

அப்புறம் நம்ம லாரி ஓட்டுநர்கள். நாமக்கல்ல இருந்து வண்டி எடுத்தா வடநாடு போய்த் திரும்ப வாரக்கணக்காகும். இதே திருச்செங்கோட்டுல இருந்து போர் வண்டியில போற பையன்கள் மாசக்கணக்குல வெளியூர்லதான் கிடப்பாங்க. தூக்கம் வராம இருக்க வாயில ஒரு பொட்டலம். 2013-ல இருந்து தமிழ்நாட்டுல குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை. தடைக்குப் பிறகும் கிடைக்குதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும். ராத்திரி தறி ஓட்டறவங்களுக்கும் அதே கதை. இந்த ஆளுங்களை நாம பகல் பத்து மணி முகாம்ல பிடிக்க முடியாது. லாரிப் பட்டறைக்கு, பாடி கட்டற இடத்துக்கு, ஷிஃப்ட் மாறற நேரத்துக்கு நாமதான் போகணும்.

போய் என்ன பார்க்கணும்? பிள்ளைகளா, இதைக் குறிச்சுக்கங்க. வெளிச்சத்துல உட்கார வைங்க. பல்செட் இருந்தா கழட்டச் சொல்லுங்க. உதட்டை உள்பக்கமாப் புரட்டுங்க. ரெண்டு கன்னத்தோட உள்பக்கம், பாக்கு அடக்கற இடம் எதுன்னு அவரையே கேளுங்க, அங்க ரெண்டு மடங்கு நேரம் பாருங்க. நாக்கை நீட்டச் சொல்லி, துணியில பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி ஓரத்தைப் பாருங்க. நாக்குக்கு அடியில, வாய்த் தரையைப் பாருங்க. துடைச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசம் சிவப்புத் திட்டு, ரெண்டு மூணு வாரம் ஆகியும் ஆறாத புண், விரல்ல தடவினா கெட்டியா இருக்கிற இடம். கடைசியா, அவரோட சொந்த விரல் மூணை அடுக்கி வாய்க்குள்ள விடச் சொல்லுங்க. மூணு விரல் நுழையலைன்னா கன்னம் உள்ள நார் கட்டி இறுகிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். நான் ஒரு தடவை பார்த்த போர் வண்டிக்காரத் தம்பிக்கு இருபத்தாறு வயசுதான். ஒண்ணரை விரல்தான் நுழைஞ்சுது. "காரம் சாப்பிட முடியலைங்க, மத்தபடி ஒண்ணுமில்லீங்க"ன்னு சிரிச்சான். காரம் எரியுதுன்னு ரெண்டு வருசமா மோர்ச்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான். அவனுக்கு அது நோய்னே தெரியாது. நல்ல வேளை, புற்று ஆகல. பாக்கை விட்டுட்டான், தொடர்ந்து வந்து காட்டறான்.

மொத்தம் மூணு நிமிஷம் ஆகும். ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரம்னு சொல்ல வந்தேன். நாம மூணு நிமிஷத்துல நிறுத்தறோமா என்ன!

இன்னொரு பக்கமும் சொல்லணும். சீக்கிரம் கண்டுபிடிக்கறதுன்னா எல்லாருக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுக்கறதுன்னு சில பேர் வியாபாரம் பண்றாங்க. "ஒரே ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய்"னு பேக்கேஜ் போட்டு விளம்பரம் வருது. நோய் அறிகுறி எதுவும் இல்லாத ஆளுக்கு சி.இ.ஏ., சி.ஏ.125 மாதிரி ரத்த டெஸ்ட் எடுத்துப் புற்றுநோயைத் தேடக்கூடாதுன்னு நீங்க சொல்லத் தெரிஞ்சிருக்கணும். இல்லாத நோய்க்குப் பயந்து கடன் வாங்கி ஸ்கேனுக்கு அலையுவாங்க. இருக்கிற நோய் தப்பிப் போகும். தென்கொரியாவுல 1999-க்குப் பிறகு புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போன மக்களுக்குக் கூடவே தைராய்டு ஸ்கேனும் எடுத்தாங்க. 1993-க்கும் 2011-க்கும் இடையில தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிச்ச எண்ணிக்கை பதினைஞ்சு மடங்கு ஆச்சு. சாவு எண்ணிக்கை அப்படியே இருந்துச்சு. தேவையில்லாம கழுத்தை அறுத்துக்கிட்டவங்கதான் மிச்சம். எதைத் தேடணும்னு தெரியறது எவ்வளவு முக்கியமோ, எதைத் தேடக்கூடாதுன்னு தெரியறதும் அவ்வளவு முக்கியம்.

சரி, மாணவர்கள் கையில என்ன இருக்கு? நான் சொல்லப் போறதுக்குப் புதுசா அரசாணை எதுவும் வேண்டாம். 2021-22-ல சேர்ந்த அணியில இருந்து தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புன்னு ஒண்ணைப் பாடத்திட்டத்துல வெச்சிருக்கு. ஒவ்வொரு மாணவரும் கிராமத்துல மூணு முதல் அஞ்சு குடும்பத்தைத் தத்தெடுத்து, முதலாமாண்டுல இருந்தே போய் வரணும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறந்தாங்க. அதோட முதல் அணியும், இந்தத் திட்டத்தோட முதல் அணியும் ஒரே அணி. இப்ப நிலைமை என்னன்னு நீங்களே சொல்லுங்க. போறீங்க, ரத்த அழுத்தம் பார்க்கறீங்க, சர்க்கரை கேட்கறீங்க, கழிப்பறை இருக்கான்னு படிவத்துல டிக் அடிக்கறீங்க, நோட்டுல கையெழுத்து வாங்கறீங்க. பின்வரிசையில சிரிப்பு வருது, அப்ப சரியாத்தான் சொல்றேன்.

கணக்கு போடுங்க. ஒரு வருஷத்துக்கு நூறு மாணவர். ஆளுக்கு நாலு குடும்பம்னா நானூறு குடும்பம். வீட்டுக்கு முப்பது வயசு தாண்டினவங்க ரெண்டு பேர்னு வெச்சாக்கூட எண்ணூறு வாய். அதுல நானூறு பெண்கள். இது ஒரு கல்லூரி, ஒரு அணி. சேலம் மோகன் குமாரமங்கலம் கல்லூரியையும், சுத்தி இருக்கிற தனியார் கல்லூரிகளையும் சேர்த்துக்கங்க. அந்தப் படிவத்துலயே வாய்ப் பரிசோதனைக்கு ஒரு கட்டம், தாய்மார்களைக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேர்ல கூட்டிட்டுப் போனதுக்கு ஒரு கட்டம். போடச் சொல்லி உங்க சமூக மருத்துவத் துறைகிட்ட நீங்களே கேட்கலாம். கேட்டு மறுத்தாங்கன்னா சொல்லுங்க, நாங்க வந்து கேட்கறோம்.

பையன்கள் ஒரு சங்கடத்தைச் சொல்வீங்க. "சார், எங்களை எப்படி அம்மாமார் அனுமதிப்பாங்க?" நியாயம்தான். உள்பரிசோதனையை நீங்க வீட்டுல செய்ய வேண்டாம், செய்யவும் கூடாது. அதைச் சுகாதார நிலையத்துல செவிலியர் செய்வாங்க. உங்க வேலை, கூச்சப்படற அம்மாவை அங்க வரைக்கும் கொண்டு சேர்க்கறது. பேசத் தெரியணும். அந்தப் பேச்சை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது. இன்னொரு வழியும் வந்துக்கிட்டு இருக்கு. எச்.பி.வி. கிருமிக்கான பரிசோதனையைத்தான் முதல் பரிசோதனையா வைக்கணும்னு 2021-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. அதுக்கு மாதிரியை அந்த அம்மாவே மறைவா எடுத்துக் கொடுக்கலாம். அந்தக் கிருமிக்குத் தடுப்பூசியும் இருக்கு. 2025-26 நிதிநிலை அறிக்கையில தமிழ்நாடு அரசு 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்கு அதை இலவசமாப் போடறதா அறிவிச்சுது. பள்ளிக்கூட வாசல்ல பெத்தவங்க உங்களைத்தான் கேட்பாங்க, "இது எதுக்குங்க? பின்னால குழந்தை பிறக்காதாமே?"ன்னு. பதில் தெரியாம முழிக்கக் கூடாது. குழந்தைப் பேறுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. இங்க பக்கத்துல இருக்கிற குமாரமங்கலத்து சுப்பராயன் சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சரா இருந்தது 1926 முதல் 1930 வரை. அவர் மகன் பேர்லதான் சேலம் கல்லூரி இருக்கு. அதே காலத்துல சட்ட மேலவையில துணைத் தலைவரா உட்கார்ந்திருந்தவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-ல தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் விடாமச் சுமந்து, எத்தனையோ பேர் "புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதுக்கு, எப்படியும் சாகப் போறவங்கதானே"ங்கிற மனசோட இருந்த காலத்துல, 1954-ல அடையாறுல பன்னிரண்டு படுக்கையோட ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் அங்க வேலைக்குச் சேர்ந்த இளம் டாக்டர்தான் சாந்தா அம்மா. 2021 ஜனவரியில கண்ணை மூடற வரைக்கும் அங்கேயேதான் இருந்தாங்க. எனக்கும் ஒரு பெரியம்மா போனாங்க. நான் என்ன செஞ்சேன்னு அப்பப்ப கேட்டுக்குவேன்.

இப்ப நம்ம கட்சிக்காரங்ககிட்ட. கோவிச்சுக்காதீங்க, நம்ம வீட்டுக்குள்ள பேசறதுதானே. நாமளும் மருத்துவ முகாம் நடத்தறோம். ஃப்ளெக்ஸ் பதினாறடி. குத்துவிளக்கு ஏத்தறவங்க பன்னிரண்டு பேர். பொன்னாடை முடியவே பதினோரு மணி. பயனடைந்தோர் ஐந்நூறுன்னு பக்கத்துல படம் போட்டுடறோம். நான் கேட்கறேன், போன முகாம்ல "சந்தேகம், மேல பாருங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தோமே, அவங்கள்ல எத்தனை பேர் சேலத்துக்குப் போனாங்க? யாருக்காவது தெரியுமா? சீட்டை வாங்கிட்டு, பஸ் செலவு, ஒருநாள் கூலி, "பெரிய ஆஸ்பத்திரி"ங்கிற பயம், எல்லாத்தையும் நினைச்சுப் பார்த்துட்டு, போச்சாது போன்னு வீட்டுலயே இருந்துடறாங்க. பரிசோதனை பண்ணி, சந்தேகம்னு சொல்லி, பிறகு அவங்களைக் கைவிடறதுக்குப் பரிசோதனை பண்ணாமலே இருக்கலாம். பயம்தான் மிச்சம் ஆகுது.

அதனால கிளைச் செயலாளர்கள்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல சந்தேகச் சீட்டு வாங்கினவங்க பேர் உங்களுக்குத் தெரிய வேண்டியது இல்ல. அது அவங்க அந்தரங்கம். ஆனா "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா துணைக்கு ஆள் வேணுமா, கூட வர்றோம்"னு ஊர்ல நாலு பெண் தோழர்கள் இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியணும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறவங்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை அதுல வரும்னு எடுத்துச் சொல்லணும். அட்டை இல்லாதவங்களுக்கு எடுத்துக் கொடுக்கணும்.

ஆட்சியில யார் இருந்தாலும் கேட்க வேண்டியதையும் சொல்லிடறேன். 2023-ல ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரின்னு நாலு மாவட்டத்துல வீடு தேடி அழைப்புக் கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யற திட்டம் தொடங்கினாங்க. ஈரோடு நமக்குக் காவிரிக்கு அக்கரை. பாலத்தைத் தாண்டினா பள்ளிபாளையம். அங்க கிடைச்ச அனுபவத்தை, நல்லது கெட்டது ரெண்டையும், இக்கரையில இருக்கிற மருத்துவக் கல்லூரிகளுக்குப் பாடமா வைக்கணும். மருத்துவத் தேர்வுல, முற்றின கட்டியைக் காட்டி மதிப்பெண் போடறதோட, நல்லா இருக்கிற ஒரு ஆளை உட்கார வெச்சு "இவர் வாயைப் பரிசோதி"ன்னு ஒரு கேள்வி வைக்கணும். தேர்வுல வந்தாத்தான் நம்ம பிள்ளைங்க படிப்பாங்க, எனக்குத் தெரியாதா! ஹவுஸ் சர்ஜனா சமூக மருத்துவத்துல இருக்கிற அந்த மூணு மாசத்துல, இத்தனை வாய், இத்தனை மார்பகம், செவிலியர் பக்கத்துல நின்னு இத்தனை கருப்பைவாய்ப் பரிசோதனை பார்த்தேன்னு நோட்டுல இருந்தாத்தான் கையெழுத்துன்னு ஆகணும். வட்டார அளவுல வாரத்துல ஒரு நாளாவது, சந்தேகம்னு வந்த தாய்மார்களை அன்னிக்கே முழுசாப் பார்த்து முடிக்கிற ஏற்பாடு வேணும். இந்த நாலையும் மனுவா எழுதி இருக்கோம். வெளிய மேசையில இருக்கு. மாணவர்கள் படிச்சுப் பார்த்து, தப்பு இருந்தா திருத்திட்டுக் கையெழுத்துப் போடுங்க. படிக்காமப் போடாதீங்க.

நேரம் ஆயிடுச்சு, மாவட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறார். கிளம்பறதுக்கு முன்னால ஒண்ணு. மண்டபத்துக்கு வெளிய, டீ கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்துல, நாலு நாற்காலியும் நாலு டார்ச்சும் கையுறைப் பெட்டியும் வெச்சிருக்கோம். நானும் ரெண்டு பல் மருத்துவத் தோழர்களும் அங்க நிப்போம். கட்சிக்காரங்கள்ல வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட்டுப் பழக்கம் உள்ளவங்க வரிசையில வாங்க. மாணவர்கள் பார்க்கட்டும், நாங்க பக்கத்துல நின்னு சொல்லித் தர்றோம். முதல் ஆளா நம்ம மாவட்டமே உட்காரறேன்னு ஒத்துக்கிட்டு இருக்கார். பாக்கைத் துப்பிட்டு வாங்கண்ணே.